கடலோரச் சைடு கார் சுற்றுலாவும் காகிதத்தில் இல்லாத இருக்கையும்

குழித்துறையிலும் நாகர்கோவிலிலும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞன் நான். பேருந்து, லாரி, டெம்போ, ஆட்டோ என்று பல வண்டிகளின் கோப்புகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் ஒற்றைச் சக்கரத்தோடு இணைக்கப்படும் இருக்கைப் பெட்டியான சைடு காரில் சென்றவர்களின் கோப்பு ஒரே ஒருமுறைதான் வந்தது. அந்த ஒரு வழக்குக்காக நான் படிக்க நேர்ந்தவை, தமிழ்நாடு, கேரள எல்லைக்கு இருபுறமும் உள்ள குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மார்த்தாண்டத்துக்கு அருகில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியருக்கும் அவருடைய மனைவிக்கும், மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன், நாற்பதாவது திருமண நாளுக்குப் பரிசாக ஒரு சுற்றுலாவை ஏற்பாடு செய்திருந்தார். கேரளத்துப் பூவாற்றில் தொடங்கி, விழிஞ்ஞம் வழியாகக் கோவளம் சென்று, கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்புவது என்பது திட்டம். பழைய புல்லட் ஒன்றில் சைடு கார் பொருத்தி, இளைஞர் ஒருவர் தனி ஆளாக நடத்திவந்த சுற்றுலா அது. அம்மா சைடு காரிலும், ஆசிரியர் ஓட்டுநருக்குப் பின்னாலும் அமர்ந்தார்கள். விழிஞ்ஞத்துக்குத் தெற்கே, இறக்கத்தில் வந்த ஓர் இடது வளைவில் சைடு காரின் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. ஓட்டுநர் பதறி பிரேக்கைப் பிடித்தார். வண்டி வலப்புறம் பாய்ந்து, எதிரே சாலையின் நடுக்கோட்டை ஒட்டி வந்த ஆட்டோவின் மீது மோதியது. ஆசிரியருக்கு முழங்கால் முறிந்தது. அம்மாவுக்குத் தோள் எலும்பு முறிந்ததோடு தலையிலும் அடிபட்டிருந்தது. அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை.

அவர்கள் என் அலுவலகத்துக்கு வந்தபோது, ‘இவர்கள் அமர்ந்த இடம் வண்டியின் ஆவணங்களில் இல்லை, ஆகவே நாங்கள் பொறுப்பல்ல’ என்று இன்சூரன்ஸ் நிறுவனத்தின் எதிருரை இருக்கலாம் என்பதை நான் முன்கூட்டியே விளக்கினேன். அம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்: “வக்கீல் சாரே, பைசா குடுத்து ஏறினது நாங்க. பொறவு எங்களுக்க இடம் எந்தப் பேப்பர்லயும் இல்லேன்னா எப்படி?” அந்தக் கேள்விக்கு விடை சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் வழக்கம்போல் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்று எழுதப்பட்டிருந்தது. ஆனால் ஆசிரியர், வண்டி மணிக்கு நாற்பதைத் தாண்டவில்லை என்பதில் உறுதியாக இருந்தார். நாற்பதில் சென்ற மூன்று சக்கர வண்டி எப்படிக் கவிழப் பார்த்தது என்று எனக்குப் புரியவில்லை. தக்கலையில் பழைய புல்லட்டுகளைப் பழுதுபார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். சட்டக் கல்லூரி எனக்குக் கற்றுத்தராத பாடம் அது.

இரு சக்கர வண்டி வளைவில் சாய்ந்து திரும்புகிறது. சைடு கார் பொருத்திய வண்டியால் சாய முடியாது, அதைக் காரைப் போல ஹேண்டிலைத் திருப்பித்தான் திருப்ப வேண்டும். சாலையின் இடப்புறம் செல்லும் நம் நாட்டில் சைடு கார் வண்டியின் இடப்புறத்தில் இருக்கும். இடது வளைவில் திரும்பும்போது எடை முழுவதும் வெளிப்புறமாக, அதாவது வலப்புறமாகத் தள்ளப்படுவதால், எடை குறைந்த சைடு கார் மேலே தூக்கிக்கொள்ளும். வலது வளைவில் இதற்கு மாறாகச் சைடு காரின் சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கும். அது பெரும்பாலும் தொல்லை தராது. சைடு காரின் சக்கரத்துக்குத் தனி பிரேக் இல்லாத வண்டியில், பிரேக் பிடித்தால் சைடு கார் தன் வேகத்தில் முன்னே செல்லப் பார்ப்பதால் வண்டியின் முகம் வலப்புறம் திரும்பும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் சைடு கார் பின்தங்குவதால் இடப்புறம் இழுக்கும். ஆகவே இடது வளைவில் சக்கரம் எழும்பிய பிறகு ஓட்டுநர் ஹேண்டிலை நேராக்கினாலும் சரி, பிரேக்கை அழுத்தினாலும் சரி, வண்டி செல்லப்போவது எதிரே வாகனங்கள் வரும் பக்கம்தான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதைத் தவிர இதற்கு மாற்று இல்லை என்றார் மெக்கானிக். பத்து ஆண்டுகள் சாதாரண மோட்டார் சைக்கிள் ஓட்டிய கை, ஆபத்தான நொடியில் பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடும் என்பது அவருடைய அனுபவம்.

அவர் சொன்ன இன்னொன்று வழக்கிலும் பயன்பட்டது. ஆசிரியர் எண்பது கிலோவுக்கு மேல் இருப்பார், அம்மா ஐம்பதுக்கும் குறைவு. கனமானவர் சைடு காரிலும் மெலிந்தவர் ஓட்டுநருக்குப் பின்னாலும் அமர்ந்திருந்தால் சைடு கார் அவ்வளவு எளிதில் எழும்பியிருக்காது. அங்கே இருந்தது அதற்கு நேர்மாறான ஏற்பாடு. சைடு கார் காலியாக இருக்கும்போது அனுபவமுள்ளவர்கள் அதற்குள் மணல்மூட்டை வைத்து ஓட்டுவதும் இதே காரணத்தால்தான். ‘வசதியான இடம் பெண்களுக்கு’ என்ற மரியாதை அன்று எடைக்கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது. ஓட்டுநருக்கு இது தெரிந்திருக்கவில்லை என்பது குறுக்கு விசாரணையில் வெளிவந்தது.

கடலோரத்துக்கே உரிய தொல்லைகளும் உண்டு. சைடு காரை வண்டியோடு பிணைக்கும் கிளாம்புகளும் வெல்டிங் பற்றுகளும் உப்புக்காற்றில் விரைவாகத் துருப்பிடிக்கின்றன. பெயின்ட் அடித்த குழாயின் உள்ளே நடப்பது வெளியே தெரியாது. நீரோடி, பொழியூர் பகுதிகளில் கடல் அரித்த சாலை ஓரங்களும், பருவமழைக் காலத்துக் கடல்சீற்றத்துக்குப் பிறகு சாலையில் கிடக்கும் மணலும் இந்தக் கடலோரத்தில் புதிதல்ல. இரு சக்கர வண்டி குழியை விலக்கிச் செல்லும்போது, அதன் இடப்புறத்தில் தள்ளி ஓடும் மூன்றாவது சக்கரம் அதே குழியில் விழும்.

இனி காகிதங்கள்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், மோட்டார் சைக்கிள் என்பதற்குத் தரும் வரையறையிலேயே, கழற்றி மாட்டக்கூடிய சைடு காரும் அதற்குரிய கூடுதல் சக்கரமும் அடங்கும். ஆகவே சைடு கார் சட்டத்துக்கு அந்நியமான பொருள் அல்ல. ஆனால் வண்டியின் பதிவுச் சான்றிதழில், அதாவது நாம் ஆர்.சி. என்று சொல்வதில், அது ஏறியிருக்க வேண்டும். சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே வாசித்தது. விதிகளுக்குப் புறம்பாக வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடமளிக்கிறது. எங்கள் வழக்கின் புல்லட்டுக்கு ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை 2 என்றே இருந்தது. அன்று அதில் மூன்று பேர் சென்றார்கள். அம்மா அமர்ந்திருந்த இருக்கையைப் பற்றி அந்தச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

அடுத்தது நம்பர் பிளேட். மகனுக்கு வந்த விளம்பரத்தில் ‘பிரைவேட் டூர்’ என்று இருந்தது. உங்கள் குடும்பத்துக்கு மட்டுமான தனிச் சுற்றுலா என்பதே அதன் பொருள். ஆனால் அந்த வண்டியும் பிரைவேட் வண்டிதான் என்பதை யாரும் கவனிக்கவில்லை. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது சொந்த உபயோகத்துக்கான வண்டி. கூலி பெற்றுக்கொண்டு ஆளை ஏற்றிச் செல்லும் வண்டி, போக்குவரத்து வாகனமாகப் பதிவுசெய்யப்பட்டு, மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்துடன், 66ஆம் பிரிவின்படி பெர்மிட் பெற்றிருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கும் அவ்வாறு பெர்மிட் தர இயலும் என்பதை மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2024 ஜனவரியில் மாநிலங்களுக்குத் தெளிவுபடுத்தியது. கோவளம் பக்கத்தில் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துடன் ஓடும் இரு சக்கர வண்டிகளைப் பார்த்து, இவையும் அனுமதி பெற்றவைதானே என்று சிலர் கேட்கிறார்கள். அவை 1997ஆம் ஆண்டின் வாடகை மோட்டார் சைக்கிள் திட்டத்தின்கீழ், வாடிக்கையாளர் தானே ஓட்டிச் செல்வதற்காகத் தரப்படுபவை. ஓட்டுநருடன் கூடிய சுற்றுலாவுக்கு அந்தப் பலகை மட்டும் போதாது.

நான் அதிகம் தலையைப் பிடித்துக்கொண்டது இன்சூரன்ஸில்தான். அந்த வண்டிக்கு இருந்தது மூன்றாம் நபர் பொறுப்பை மட்டும் ஏற்கும் பாலிசி, நம் ஊர்ப் பேச்சில் ‘தேர்ட் பார்ட்டி’. வாடகைக்கு ஓட்டப் பெர்மிட் இல்லாத வண்டியைக் கூலிக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை மீறப்பட்டால், அதைக் காரணமாகக் காட்டிப் பொறுப்பை மறுக்க 150ஆம் பிரிவு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு வழிவிடுகிறது. மகன் ஓட்டுநரின் எண்ணுக்குப் பணம் அனுப்பியதற்கான ஜிபே ரசீது எங்களிடம் இருந்தது. நேர்மையாகப் பணம் கொடுத்ததற்கான அந்தச் சான்றே, வண்டி கூலிக்கு ஓடியது என்பதற்கான எதிர்த்தரப்புச் சான்றாகவும் ஆகிவிட்டது.

அப்படியானால் ‘தெரிந்த பையன், சும்மா கூட்டிக்கொண்டு போனான்’ என்று சொல்லிவிடலாமே என்று உறவினர் ஒருவர் யோசனை கூறினார். பொய்யை நான் தாக்கல் செய்ய மாட்டேன் என்பது ஒருபுறம் இருக்க, அந்தப் பொய்யால் பயனும் இல்லை. கூலியின்றிப் பின்னிருக்கையில் அழைத்துச் செல்லப்படுபவருக்கு, சட்டம் கட்டாயமாக்கும் அடிப்படைப் பாலிசியில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006இலேயே தீர்ப்பளித்துவிட்டது. பணம் கொடுத்தோம் என்றாலும், கொடுக்கவில்லை என்றாலும் அந்தப் பாலிசியின் கதவு அடைபட்டே இருந்தது. மூன்றாம் நபர் பொறுப்போடு சொந்த வண்டிக்கான சேதம் முதலியவற்றையும் ஏற்கும் பேக்கேஜ் பாலிசி இருந்திருந்தால் பின்னிருக்கைப் பயணியின் நிலை வேறு. அப்போதும் கூலிக்கு ஓட்டியது பற்றிய கேள்வியும், ஆர்.சி.யில் இல்லாத சைடு கார் பற்றிய கேள்வியும் மிஞ்சும்.

தலைக்கவசம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் ஓட்டுநர் பொய் சொல்லவில்லை, பழைய சட்டத்தைச் சொன்னார். ஆசிரியருக்கு ஹெல்மெட் கொடுத்த அவர், ‘சைடு காரில் உட்காருகிறவர்களுக்குத் தேவையில்லை’ என்று அம்மாவிடம் கூறியிருக்கிறார். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, முதலில் எழுதப்பட்டபோது, சைடு காரில் செல்பவருக்கு வெளிப்படையாகவே விலக்கு அளித்திருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த விலக்கை நீக்கி, நான்கு வயதுக்கு மேற்பட்ட, மோட்டார் சைக்கிளை ஓட்டுகிற, அதில் செல்கிற, அல்லது அதில் ஏற்றிச் செல்லப்படுகிற எல்லோரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று மாற்றியது. சைடு காரும் மோட்டார் சைக்கிளின் பகுதியே என்ற வரையறையோடு சேர்த்துப் படித்தால், இதில் ஐயத்துக்கு இடமில்லை. மீறினால் 1,000 ரூபாய் அபராதமும், ஓட்டுநர் உரிமத்துக்கு மூன்று மாதத் தகுதியிழப்பும் உண்டு. அபராதத்தைவிடப் பெரிய இழப்பு, அம்மாவும் தம் காயத்துக்கு ஓரளவு காரணம் என்று எதிர்த்தரப்பு வாதிட்டு, இழப்பீட்டில் ஒரு பகுதியைக் குறைக்கச் சொன்னதுதான். குறைந்த தொகைதான் குறைக்கப்பட்டது என்றாலும், அதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவின் முகத்தை நான் மறக்கவில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் தரப்படவில்லை என்றால் சைடு காரில் ஏறாதீர்கள். பழைய படங்களில் அணிவதுபோன்ற தோல் தொப்பியும் கண்ணாடியும் ஒளிப்படத்துக்கு அழகு. தலைக்கு அவை எதுவும் செய்யா.

முன்பதிவு செய்யும் முன் என்ன கேட்பது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது சுருக்கமானது. ஆர்.சி.யின் படத்தையும் பாலிசியின் முதல் பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தயங்குபவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் வாகனத்தின் வகையையும் இருக்கை எண்ணிக்கையையும், பாலிசியில் எந்த உபயோகத்துக்கு என்பதையும் காலாவதி நாளையும் பாருங்கள். பெர்மிட் எந்த மாநிலத்துக்குச் செல்லும் என்று கேளுங்கள். களியக்காவிளையைத் தாண்டுவது நமக்கு அடுத்த தெருவுக்குப் போவதைப் போன்றது, ஆனால் பெர்மிட்டுக்கு அது மாநில எல்லை. ஓட்டுநரிடம், எத்தனை ஆண்டுகளாக மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறீர்கள் என்று கேட்பதைவிட, சைடு காருடன் எவ்வளவு காலம் ஓட்டியிருக்கிறீர்கள், சைடு காரின் சக்கரத்துக்கு பிரேக் உண்டா, எங்கள் இருவரில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு எடையைப் பற்றிப் பேசுபவர் தொழில் தெரிந்தவர்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், பெற்றோர் அங்கே வரும்போது இத்தகைய சுற்றுலாக்களைப் பதிவுசெய்வதும் உண்டு. போர்ச்சுகலின் லிஸ்பன் அருகிலுள்ள கடற்கரையிலும், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலும் இவை முறையான தொழிலாகவே நடக்கின்றன. கேப் டவுனின் சாப்மன்ஸ் பீக் சாலை 9 கிலோமீட்டரில் 114 வளைவுகள் கொண்டது. அங்கும் சாலையின் இடப்புறம்தான் செல்கிறார்கள் என்பதால் நான் மேலே சொன்ன இடது வளைவுக் கணக்கு அப்படியே பொருந்தும். போர்ச்சுகலில் எல்லாம் வலம் இடமாக மாறும். பயணக் காப்பீட்டில் மோட்டார் சைக்கிள் பயணம் விலக்கப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் புறப்படும் முன் படித்துவிடுங்கள்.

விபத்து நேர்ந்தேவிட்டால், நம் எல்லைப்பகுதி மக்கள் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. 166ஆம் பிரிவின்படி, விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்லாமல், பாதிக்கப்பட்டவர் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலும் இழப்பீட்டு மனு தாக்கல் செய்யலாம். விழிஞ்ஞத்தில் நடந்த விபத்துக்குத் திருவனந்தபுரத்துக்கு அலைய வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு தாக்கலாக வேண்டும். அந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் சென்றிருக்கின்றன என்றாலும், அதை நம்பிக் காத்திருக்க நான் யாருக்கும் அறிவுரை சொல்வதில்லை. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் திட்டப்படி, சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் ஏழு நாள்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மிகாமல், பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் வழியும் இப்போது இருக்கிறது. கேரளக் காவல்துறையின் ஆவணங்கள் மலையாளத்தில் வரும், மொழிபெயர்ப்புக்கு நாள்கள் ஆகும். 1956க்கு முன்பு திருவிதாங்கூரில் எழுதப்பட்ட மலையாளப் பத்திரங்களைப் படித்துப் பழகிய மூத்த குமாஸ்தாக்கள் எங்கள் பக்கத்து நீதிமன்றங்களில் இன்னும் சிலர் இருப்பதால், அந்த வழக்கில் எனக்குச் சில வாரங்கள் மிச்சமாயின.

ஆசிரியரின் வழக்கைக் காப்பாற்றியது நடுக்கோட்டை ஒட்டி வந்த அந்த ஆட்டோ. தீர்ப்பாயம், விபத்துக்கு எழுபது விழுக்காடு புல்லட்டும் முப்பது விழுக்காடு ஆட்டோவும் பொறுப்பு என்று முடிவுசெய்தது. இரண்டு வண்டிகளின் கவனக்குறைவு சேர்ந்து மூன்றாம் நபருக்குத் தீங்கு செய்தால், அவர் முழு இழப்பீட்டையும் இருவரில் எவரிடமிருந்தும் பெறலாம் என்பது 2015ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அதன்படி ஆட்டோவின் இன்சூரன்ஸ் நிறுவனம் முழுத்தொகையையும் செலுத்தியது. புல்லட்டின் இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டது. அந்த ஆட்டோ சற்று இடப்புறம் ஒதுங்கி வந்திருந்தால் என் கட்சிக்காரர்களின் கையில் வெறும் தீர்ப்பு நகல்தான் இருந்திருக்கும்.

செலுத்திய தொகையில் எழுபது விழுக்காட்டை, ஆட்டோவின் நிறுவனம் இப்போது புல்லட்டின் உரிமையாளரிடமிருந்து வசூலிக்கிறது. அந்த உரிமையாளர் சுற்றுலா நடத்திய இளைஞரேதான். வண்டிக்கு வாங்கிய கடனே முடியாத நிலையில், வீட்டை ஜப்தி செய்யக் கோரும் நிறைவேற்று மனு அவர்மீது நிலுவையில் இருக்கிறது. அவர் என் கட்சிக்காரர் அல்லர். ஆனாலும் சென்ற வாய்தாவில் நீதிமன்ற வராந்தாவில் என்னைக் கண்டு எழுந்து வந்து, “சாரே, மஞ்ச போர்டு எடுக்க என்ன செலவாகும்?” என்று கேட்டார். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எந்த மேசையில் விசாரிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.